பதினெட்டுப் பக்கம்

இளையவளுக்கு இரண்டாம் தாளில் சைபர் வந்திருந்தது.

ஒரு மதிப்பெண் குறைந்திருந்தால் அழுதிருப்பாள். சைபர் என்றதும் சிரிப்புதான் வந்தது. அக்காவைப் போனில் கூப்பிட்டு, "கம்ப்யூட்டருக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சுக்கா" என்றாள். "மூணு மணி நேரம் எழுதினேன். கை வீங்கிப்போச்சு. சைபர் வாங்கணும்னாகூட அவ்வளவு எழுத வேண்டாம்."

அவள் தற்காலிக நர்ஸ். ஒன்பது வருஷமாகத் தற்காலிகம். நிரந்தரம் ஆவதற்கு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை தேர்வு வைப்பார்கள். முதல் தடவை மூன்று மதிப்பெண்ணில் போயிற்று. அடுத்த தடவை ஒன்றில். இது மூன்றாவது. இனி எழுத வயது இடம் கொடுக்காது. தேறாதவர்களின் ஒப்பந்தம் ஜூனோடு முடியும் என்று சுற்றறிக்கை வந்திருந்தது. முதல் தாள் பென்சிலால் வட்டம் நிரப்புவது. அதில் எழுபத்தெட்டு எடுத்திருந்தாள். இரண்டாம் தாள் ஐந்து கேள்விகளுக்கு விரிவாக எழுதுவது. நாற்பது எடுத்தால் போதும்.

விடைத்தாளைப் போய்ப் பார்க்கலாம் என்று விதி இருந்தது. பதினைந்து நாளுக்குள் இரண்டு தடவை, அதிகாரி முன்னால். வெள்ளிக்கிழமை போனாள். அங்கிருந்து நேராக அக்கா வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வெள்ளைக்கா."

"என்ன வெள்ளை?"

"என் பேப்பர். பதினெட்டுப் பக்கமும் வெள்ளை. முன்பக்கம் என் நம்பர் ஒட்டியிருக்கு. என் கையெழுத்து இருக்கு. உள்ளே சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு."

"கையெழுத்து உன்னோடதுதானா?"

"என்னோடதுதான். உள்ள நுழையும்போதே தேர்வு அறையில இருந்த மேற்பார்வை அம்மா அவங்க பேனாவைக் கொடுத்துப் போடச் சொன்னாங்க. அதான் சொல்றேன், எல்லாம் அவங்க வேலை. என் தாளை உருவிட்டு வெள்ளைத் தாளை வெச்சுத் தெச்சிருக்காங்க. வாங்கும்போதே ஒரு மாதிரிதான் பார்த்தாங்க." தண்ணீரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள். "சாட்சியும் இருக்கு. தடவிப் பார்த்தா வரி வரியாப் பள்ளம். எவளுக்கோ என் பதிலை இதுக்கு மேல வெச்சு எழுதிக் கொடுத்திருக்காங்க. திங்கக்கிழமை காலையில புகார் கொடுக்கிறேன். அந்தம்மா பேரைப் போட்டே கொடுக்கிறேன். சீட்டைக் கிழிக்காம விடமாட்டேன்."

பள்ளம் என்ற வார்த்தை மூத்தவளை உறுத்தியது. ஏன் என்று உடனே தெரியவில்லை. தங்கை போன பிறகு, கதவைத் தாழிடும்போது தெரிந்தது.

மூத்தவள் ஒரு பெரிய அலுவலகத்தில் எழுதுபொருள் பிரிவைப் பார்த்துக்கொள்பவள். காகிதக் கட்டு, கோப்பு, குண்டூசி, முத்திரை மை. அலுவலகத்தில் அவளுக்கு 'ரீஃபில்' என்று பட்டப்பெயர். அது அவளுக்கும் தெரியும். வருத்தமில்லை. வேலை சம்பளத்துக்கு. ஆசை வீட்டில், சமையலறையை ஒட்டிய அலமாரியில் இருந்தது.

அந்த அலமாரியைத் திறந்தால் புதுக் காகிதத்தின் மணம் வரும். மேல் தட்டில் நோட்டுப் புத்தகங்கள். கோடு போட்டவை, கட்டம் போட்டவை, புள்ளி வைத்தவை. விரித்தால் முதுகு முறியாமல் மேஜையில் படுக்கிற தையல் நோட்டுகளை மட்டுமே வாங்குவாள். அடுத்த தட்டில் துருப்பிடிக்காத கிளிப்புகள், பின் இல்லாமலே தாளைக் கோக்கிற ஸ்டேப்ளர், ரப்பர் முத்திரை மாட்டாமலே அழகாக இருந்த ஒரு மர முத்திரைத் தாங்கி. கீழ்த் தட்டில் பேனாக்கள், பெட்டிக்குள் துணி விரித்து. ஞாயிறு மத்தியானம் ஒவ்வொன்றாக எடுத்து ஒரு வரி எழுதிப் பார்த்து மூடி வைப்பாள். என்ன எழுதுவாள் என்று கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை. தேதி எழுதுவாள். மழை என்று எழுதுவாள். மூடி 'க்ளிக்' என்று உட்கார்வதைக் கேட்பதற்காகவே மறுபடி திறப்பாள்.

கடையில் விற்கிறபடியே ஒரு பேனாவை வைத்துக்கொள்ள அவளுக்குப் பிடிக்காது. ஒன்றின் உடலில் இன்னொன்றின் உயிரை வைப்பாள். நல்ல உடலுக்கு மட்டமான ரீஃபில் வரும், மட்டமான உடலுக்குள் அருமையான ரீஃபில் இருக்கும். வால் நீளமாக இருந்தால் பிளேடால் நறுக்குவாள். குட்டையாக இருந்தால் காகிதத்தைச் சுருட்டி அடியில் வைப்பாள். அப்படி அமைந்ததுதான் அந்தப் பித்தளைப் பேனா. கையில் கனம் சரியாக உட்காரும். அழுத்தவே வேண்டாம், தானாக ஓடும்.

தேர்வுக்குப் போகிற வழியில் தங்கை வாசலிலேயே நின்று கேட்டாள். "கை வலிக்காத பேனா ஒண்ணு கொடு, அலமாரி ராணி."

பித்தளைப் பேனாவைத்தான் கொடுத்தாள். தன்னிடம் இருப்பதிலேயே நல்லது. ஒரு பேனாவைப் பிரிய அவளுக்கு அன்றுதான் மனம் வந்தது.

அந்தப் பேனா இப்போது அலமாரியில்தான் இருந்தது. தேர்வு முடிந்த சாயங்காலமே தங்கை திருப்பிக் கொடுத்துவிட்டாள். மூத்தவள் அதைத் திருகித் திறந்து ரீஃபிலை வெளியே எடுத்தாள். கறுப்பு. பெயர் இல்லை. பெயர் வால் பக்கத்தில் அச்சாகியிருக்கும். வாலை அவளே நறுக்கியிருந்தாள்.

நோட்டில் மாதக் கட்டம் போட, மெலிதாகத் தலைப்பு எழுதிப் பார்க்க, பிடிக்காவிட்டால் அழிக்க என்று ஒரு தினுசு மை வாங்கியிருந்தாள். சூடு பட்டால் மறையும் மை. தேய்த்தாலே அந்தச் சூட்டில் போய்விடும். மூன்று ரீஃபில் வாங்கினாள். பெட்டியில் இரண்டுதான் இருந்தன.

கெண்டியில் தண்ணீர் வைத்தாள். ஒரு தாளில் பித்தளைப் பேனாவால், தங்கையைப் போல அழுத்தி, தேதி எழுதினாள். மழை என்று எழுதினாள். கொதித்ததும் தாளை ஆவிக்கு மேலே நீட்டினாள். தேதி போயிற்று. மழை போயிற்று. தாளைத் தடவினாள். வரி வரியாகப் பள்ளம்.

அடுப்பை அணைக்கத் தோன்றவில்லை. தண்ணீர் வற்றிக் கெண்டி கருகும் வாசனை வந்தபோதுதான் அணைத்தாள்.

அந்த மையைப் பற்றி இன்னொன்றும் அவளுக்குத் தெரியும். கடுங்குளிரில் வைத்தால் திரும்பி வரும். தாளை ஃப்ரீஸரில் வைத்துவிட்டுக் கதவுக்கு முன்னாலேயே நின்றாள். அரை மணி கழித்து எடுத்தபோது மழை வந்திருந்தது. கொஞ்சம் சாம்பல் நிறத்தில், ஆனால் படிக்கிற மாதிரி.

அவளுக்கு உயிர் வந்தது. அது சனிக்கிழமை காலை வரைதான். தங்கையின் நுழைவுச் சீட்டு நகல் அவள் போனில் இருந்தது. பின்பக்க விதிகளைப் பெரிதாக்கிப் படித்தாள். பதினொன்றாவது விதி: அழியக்கூடிய மையால் எழுதப்பட்ட விடைத்தாள் செல்லாது. முறைகேடாகக் கருதப்பட்டு, பணிபுரியும் இடத்துக்குத் தெரிவிக்கப்படும்.

சொல்லாவிட்டால் சைபர். சொன்னால் முறைகேடு. சைபருக்கு ஜூன் வரைக்குமாவது வேலை இருந்தது.

சொல்லாமலே இருந்துவிடலாம் என்று சனிக்கிழமை முழுக்க நினைத்தாள். யாருக்கும் தெரியப்போவதில்லை. தங்கைக்கே தெரியப்போவதில்லை. ஆனால் திங்கட்கிழமை காலை அந்த மேற்பார்வை அம்மாவின் பேரைத் தங்கை எழுதுவாள். அழுத்தி எழுதுவாள். அந்தம்மாவுக்கும் ஒரு ஜூன் இருக்கும்.

ஞாயிறு மத்தியானம் தங்கை வீட்டுக்குப் போனாள். தங்கை சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மூத்தவள் ஒரு காகிதத்தில் பித்தளைப் பேனாவால் தங்கையின் தேர்வு எண்ணை எழுதி, இஸ்திரிப் பெட்டியை வாங்கி அதன் மேல் ஓட்டினாள்.

தங்கை எண் மறைந்த தாளைப் பார்த்தாள். அக்காவின் கையில் இருந்த பேனாவைப் பார்த்தாள். பிறகு இஸ்திரிப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கிச் சுவரோரம் வைத்தாள்.

"தெரிஞ்சா கொடுத்தே?"

"மறந்துபோச்சுடி. வாலை வெட்டிட்டேன். பேர் இல்ல."

"வாலை வெட்டிட்டே." தங்கை அதை ருசி பார்ப்பதுபோலச் சொன்னாள். "நான் வார்டுல ஒரு மருந்துப் பாட்டில்ல லேபிளைக் கிழிச்சு வேற பாட்டில்ல ஊத்தினா என்னை என்ன பண்ணுவாங்க தெரியுமா?"

"தெரியும்."

"ஊர்ல எல்லாருக்கும் அக்கா இருக்கா. பேனா கேட்டா பேனா தர்றா. எனக்குத்தான் மாயாஜாலம் தெரிஞ்ச அக்கா." உட்கார்ந்தாள். "அந்த அலமாரியில எதெல்லாம் எழுதும், எதெல்லாம் ஏமாத்தும்னு உனக்காவது தெரியுமா?"

மூத்தவள் போனை எடுத்தாள். விதியைக் காட்டினாள். ஃப்ரீஸரில் வைத்த தாளையும் காட்டினாள்.

தங்கை இரண்டாவதைத்தான் உற்றுப் பார்த்தாள். "எவ்வளவு குளிர் வேணும்?"

"மைனஸ் பத்து. இருபதுன்னா நல்லது."

"எங்க தடுப்பூசி ரூம்ல ஐஸ் பேக் மைனஸ் இருபத்தஞ்சுல இருக்கு."

"வேண்டாம்டி. அதைப் பண்ணினா நீயே போய் மாட்டிக்கிற மாதிரி. ஜூன் வரைக்குமாவது…"

"ஜூனுக்கு அப்புறம்?"

மூத்தவள் ஃப்ரீஸர் தாளை நான்காக மடித்தாள்.

"ரெண்டு தடவை பார்க்கலாம்னு விதி. ஒண்ணுதான் ஆயிருக்கு" என்றாள் தங்கை. "நாளைக்கு நீயும் வா. கூட ஒருத்தர் வரலாம். பேனா மட்டும் எடுத்துட்டு வராதே."

திங்கட்கிழமை காலை தங்கை தடுப்பூசி எடுத்துப்போகிற நீலப் பெட்டியோடு பஸ் நிறுத்தத்தில் நின்றாள். உள்ளே நான்கு ஐஸ் பேக், ஒவ்வொன்றும் மெல்லிய பிளாஸ்டிக் பையில். தேர்வு அலுவலக வாசலில் காவலாளி போன்களை வாங்கி வைத்தார். பெட்டியைக் காட்டி என்ன என்றார்.

"தடுப்பூசிப் பெட்டி. இங்க முடிச்சிட்டு வேலைக்குப் போகணும். திறந்தா குளிர் போயிடும்ணே. குழந்தைங்களோடது."

மார்பில் இருந்த நர்ஸ் அட்டையைப் பார்த்து அவர் வழிவிட்டார்.

"கடைசியா ஒரு பொய்யும் ஆச்சு" என்றாள் தங்கை, படியேறும்போது.

பிரிவு அதிகாரி கூட்டத்தில் இருந்தார். பத்து நிமிஷம் என்றார்கள். ஐம்பது நிமிஷம் ஆயிற்று. தங்கை பெட்டியை மடியில் வைத்து, மூடியின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டிருந்தாள். மின்விசிறி வெக்கையைத்தான் கிளறியது. மூத்தவள் நான்கு தடவை எழுந்து போய்க் கதவைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"உட்காரு. நீ நடந்தா இன்னும் சூடாகுது."

அதிகாரி வந்தார். ஐம்பது வயது இருக்கும். சட்டைப் பையில் ஒரு சாதாரணப் பேனா, மூடி கடிபட்டிருந்தது. தையல் போட்ட விடைத்தாளை மேஜையில் வைத்து, கடிகாரத்தைப் பார்த்து, "பதினைஞ்சு நிமிஷம்" என்றார்.

தங்கை பெட்டியைத் திறந்தாள். ஒரு ஐஸ் பேக்கை எடுத்து முதல் தாளுக்கு அடியிலும் இன்னொன்றை மேலேயும் வைத்து அழுத்தினாள்.

"என்னம்மா இது?"

"ஐஸ் சார்."

"அது தெரியுது. ஏன்?"

"ரெண்டு நிமிஷம் சார்."

அவர் எழுந்துவிட்டார். தாளைப் பிடுங்கக் கை நீட்டினார். அதற்குள் தங்கை மேலே இருந்த ஐஸ் பேக்கை எடுத்தாள்.

முதலில் ஓரத்தில் ஒரு 'கு' தெரிந்தது. பிறகு அதன் பக்கத்தில் ஒன்று. நனைந்த சுவரில் பழைய விளம்பரம் தெரிவதுபோல வரிகள் மேலெழும்பின. அதிகாரி கையை நீட்டியபடியே நின்றார். பிறகு குனிந்து, அவள் எடுத்தெழுதியிருந்த முதல் கேள்வியைப் பழக்கதோஷத்தில் வாய்விட்டுப் படித்தார்.

"குறைமாதத்தில் பிறந்த குழந்தையைக் கதகதப்பாக வைத்திருக்கும் முறைகளை விளக்குக."

உட்கார்ந்தார்.

மூத்தவள் சொன்னாள். பித்தளைப் பேனா, நறுக்கிய வால், மறந்தது, எல்லாம். தங்கைக்கு ஒன்றும் தெரியாது என்பதை மூன்று தடவை சொன்னாள். "எப்படிச் சூடு பட்டதுன்னுதான் சார் புரியல."

அதிகாரி நெற்றியைத் தேய்த்தார். "எனக்குப் புரியுது. உங்க சென்டர் விடைத்தாள் கட்டு வந்த வேன்ல பின்னாடி இடமில்ல. டிரைவர் முன்னாடி எஞ்சின் பெட்டி மேல வெச்சு நாலு மணி நேரம் கொண்டாந்திருக்கான். வாங்கி வெச்சவர் தொட்டுட்டு, சுடச்சுட பேப்பர் வந்திருக்குன்னார். எல்லாரும் சிரிச்சோம்."

யாரும் இப்போது சிரிக்கவில்லை.

"இங்க பாருங்கம்மா. நான் பார்த்துட்டேன். பார்த்ததை எழுதணும். எழுதினா பதினொண்ணாவது விதி. யார் பேனா, யார் கொடுத்தாங்கன்னு விதியில இல்ல. கோப்பு கமிட்டிக்குப் போகும். உங்க ஆஸ்பத்திரிக்குக் கடிதம் நாளைக்கே போகும். ஜூன் வரைக்கும் இருக்கிற வேலையும் இருக்காது."

"கமிட்டி என்ன செய்யும்?"

"மூணு பேர். மனசு வெச்சா திருத்தச் சொல்லலாம். அப்படிச் சொல்லி நான் பார்த்ததில்ல." கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "இல்லேன்னா ஒண்ணு. அந்தப் பெட்டியை மூடுங்க. தாள் திரும்ப வெள்ளையாகுமா?"

தங்கை அக்காவைப் பார்த்தாள்.

"தானா ஆகாது" என்றாள் மூத்தவள். "தேய்ச்சா ஆகும்." அவள் கட்டைவிரல் ஏற்கெனவே முதல் வரியின் மேல் இருந்தது. எப்போது அங்கே போயிற்று என்று அவளுக்குத் தெரியாது. "ஒரு பக்கம்தானேடி வந்திருக்கு. நிமிஷத்துல போயிடும். சார் பார்க்கலைன்னு வெச்சுக்குவார். ஜூன் வரைக்கும் வேலை இருக்கும். அதுக்குள்ள ஏதாவது…"

"கையை எடு."

"சொல்றதைக் கேளு."

"கையை எடுக்கா." தங்கை குரலை உயர்த்தவில்லை. வார்டில் கை நடுங்குகிற நோயாளியிடம் பேசுவதுபோலச் சொன்னாள். "ஒருவாட்டி அழிச்சே, தெரியாம. தெரிஞ்சு அழிக்காதே."

மூத்தவள் விரலை எடுத்தாள். 'குறைமாத' என்பதில் 'கு' மங்கியிருந்தது.

"எழுதுங்க சார்" என்றாள் தங்கை. "ஆனா ஒரு பக்கம்னு எழுதாதீங்க. பதினெட்டையும் பார்த்துட்டு எழுதுங்க. திருட்டு மையில எழுதினவள்னு சொல்லட்டும். வெள்ளைத்தாள் கொடுத்தவள்னு சொல்லக் கூடாது."

"பதினைஞ்சு நிமிஷத்துல ஒம்பதுதான் பாக்கி."

"ஒம்பது தாள்தான் சார்."

அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜை இழுப்பறைக்குள் போட்டார்.

அக்காவும் தங்கையும் நின்றபடியே வேலை செய்தார்கள். ஒரு தாளுக்கு அடியில் ஒன்று, மேலே ஒன்று. அது அழுந்திக்கொண்டிருக்கும்போதே அடுத்த தாளுக்கு மற்ற இரண்டு. எடுத்தால் முன்னும் பின்னும் எழுத்து. பிளாஸ்டிக் பைகள் வியர்த்தன. மூத்தவள் கைக்குட்டையால் ஒற்றினாள். தேய்க்கவில்லை, ஒற்றினாள். தேய்த்தால் போய்விடும். விரல்கள் மரத்துப்போய் யாருடைய விரல்களோ போலிருந்தன. நான்காம் பக்கத்தில் ஒரு படம் வந்தது. குழந்தையைத் தாயின் மார்போடு சேர்த்துக் கட்டுகிற முறை, அம்புக்குறியோடு. எட்டாம் பக்கத்தில் தங்கை ஒரு வரியை அடித்து மேலே திருத்தியிருந்தாள். அடித்த வரியும் திரும்பி வந்தது.

அதிகாரி ஒவ்வொரு பக்கத்தையும் குனிந்து பார்த்து எண்ணினார். பத்து. பதினொன்று. பன்னிரண்டு.

ஏழாவது தாள் வரவில்லை.

இரண்டு ஐஸ் பேக்கையும் மாற்றி வைத்தார்கள். முன்பக்கத்தில் மேல் பாதி சாம்பலாகப் பூத்தது. கீழ்ப் பாதியும் பின்பக்கமும் வெள்ளையாகவே கிடந்தன. தங்கை ஒரு பேக்கைப் பிடித்துப் பார்த்தாள். உள்ளே தண்ணீர் குலுங்கியது. நான்கையும் ஒரே தாளின் மேல் அடுக்கினாள். காத்திருந்தார்கள். கூட்டம் ஐம்பது நிமிஷம் நடக்காமல் இருந்திருந்தால் என்று மூத்தவள் நினைத்தாள். வாலை நறுக்காமல் இருந்திருந்தால் என்று நினைத்தாள். நினைப்பில் எதற்கும் முடிவில்லை.

"இங்க ஃப்ரிட்ஜ் இருக்கா சார்?"

"தண்ணி பாட்டில் வைக்கிறது ஒண்ணு. ஆனா தாள் இந்த அறையை விட்டு வெளிய போகக் கூடாதும்மா. அதுல நான் ஒண்ணும் பண்ண முடியாது."

அவர் பேனாவை எடுத்தார். ஒரு கோப்புத் தாளில் எழுதத் தொடங்கினார். எழுதியதைச் சொல்லிக்கொண்டே எழுதினார். தேர்வரின் விடைத்தாளைக் குளிரூட்டியபோது என் முன்னிலையில் எழுத்துகள் தெரிந்தன. தேர்வருக்கு மையின் தன்மை தெரிந்திருக்கவில்லை என அவருடைய அக்கா வாக்குமூலம் தருகிறார். இங்கே நிறுத்தினார்.

"எத்தனை பக்கம்?"

"பதினெட்டு" என்றாள் தங்கை.

"நான் பார்த்தது பன்னிரண்டரை."

"நாலாவது கேள்வியில பாதி, அஞ்சாவது முழுசா பாக்கி இருக்கு சார்."

"இருக்கலாம். நான் பார்க்கலை."

"சரி. பன்னிரண்டரைன்னே எழுதுங்க."

எழுதினார். தாளைத் திருப்பி மூத்தவளிடம் தள்ளினார், தன் பேனாவையும். அது காகிதத்தைக் கீறியது. இரண்டு இடத்தில் மை வரவில்லை. கையெழுத்தின் மேலேயே இன்னொரு தடவை எழுதினாள். தங்கையும் போட்டாள்.

"நாளைக்குக் கடிதம் போயிடும்" என்றார் அதிகாரி. "கமிட்டி எப்பக் கூடும்னு சொல்ல முடியாது."

விடைத்தாளை எடுத்துக்கொள்ள அவர் கை நீட்டியபோது தங்கை பேசத் தொடங்கினாள். மிரட்டலும் இல்லை, அழுகையும் இல்லை.

"அஞ்சாவது கேள்வி ரத்தப்போக்கு சார். பிரசவத்துக்கு அப்புறம் வர்றது. முதல்ல காரணம் நாலு எழுதினேன். அப்புறம் முதல் பத்து நிமிஷத்துல செய்ய வேண்டியது. ஒண்ணு, உதவிக்குக் கூப்பிடணும். தனியா நிக்கக் கூடாது. ரெண்டு, வயித்துல கை வெச்சுக் கர்ப்பப்பையைத் தேய்ச்சு விடணும். மூணு…"

அதிகாரி நீட்டிய கையை மேஜையில் வைத்தார். எழுதவில்லை. எழுத அவருக்கு அதிகாரமும் இல்லை. கேட்டுக்கொண்டிருந்தார்.

மூத்தவள் கடைசித் தாளைத் திருப்பி, இருந்த நான்கு பைகளில் கொஞ்சமாவது குளிர்ந்திருந்ததைத் தேடி எடுத்து, அதன் மேல் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தாள். தங்கை ஏழாவது குறிப்புக்கு வந்துவிட்டாள். பையின் அடியில் காகிதம் வெள்ளையாகவே இருந்தது.